பையனை பாலாய்க்குக் கொண்டுபோன முதல் 24 மணி நேரம்

மலேசியாவில் பகாவ், சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டத்துப் பட்டணங்களில் ஒரு பையனைப் போலிஸ் பிடித்து பாலாய்க்கு, அதாவது போலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால், வீட்டில் முதலில் எழும் பேச்சு: “அடிக்கிறதுக்குள்ள ஒத்துக்கச் சொல்லுங்க, விட்டுருவாங்க.” இது தப்புக் கணக்கு. விடமாட்டார்கள்.

போலிஸிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பொதுவாகக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆவது பிரிவு தடுக்கிறது. பிறகு ஏன் அடி? சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவுதான் காரணம். பிடிபட்டவர் சொன்ன தகவலால் நகையோ பாராங் கத்தியோ கிடைத்துவிட்டால், அந்தத் தகவல் சாட்சியமாக வரலாம். அதனால்தான் “நீ செஞ்சியா?” என்பதைவிட “எங்கே வச்சிருக்கே?” என்ற கேள்வியில் கை நீளுகிறது. அப்படிக் காயப்படுத்துவது குற்றம். தண்டனைச் சட்டத்தின் 330ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை உண்டு. நிரூபிப்பதுதான் பாடு.

விசாரணை தொடங்குமுன் உறவினருக்கும் வழக்குரைஞருக்கும் தகவல் சொல்ல விடவேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. அதை மறுக்க டிஎஸ்பி அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். அழைப்பு வராவிட்டால் வீட்டார் காத்திருக்கக் கூடாது. பக்கத்து பாலாயில் ஆள் இல்லை என்றால் மாவட்டத் தலைமையகத்தில், அதாவது ஐபிடியில் கேளுங்கள். விசாரணை அதிகாரியின் பெயர், எந்தச் சட்டப் பிரிவு, எந்த லோக்காப் (காவல் அறை), பிடித்த நேரம் – நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோ நீரிழிவோ இருந்தால் மருந்தையும் கிளினிக் அட்டையையும் கையில் கொடுத்து, வாங்கியவர் பெயரைக் குறியுங்கள். மருந்து கொடுக்காமல் விடுவதும் கொடுமைதான். லோக்காப்பில் அடிபடாமலே சாகிறவர்கள் இருக்கிறார்கள்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம் என்றால் முதல் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல், அதிகபட்சம் 4 நாள், அடுத்தது 3 நாள். அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்கு 7 நாள், மறுபடியும் 7 நாள். குடிமக்களுக்கு ரிமாண்டில் வாதாடத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்குரைஞர் இலவசமாக வருவார். அவர் வராவிட்டாலும் மாஜிஸ்திரேட்டிடம் பேச பிடிபட்டவருக்கு உரிமை உண்டு. அங்கே வாயடைத்து நிற்பதுதான் பெரிய இழப்பு. அடித்தவர் பக்கத்தில் நிற்கும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனாலும் “துவான், சாயா டிபுக்குல்” (ஐயா, என்னை அடித்தார்கள்) என்று மூன்று சொல் போதும். எங்கே அடித்தார்கள், எதனால், எப்போது என்பதைச் சொல்லி, சட்டையை விலக்கிக் காட்டி, டாக்டரிடம் அனுப்பும்படி கேட்கவேண்டும். மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டம் வேறு கதை. அதில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். வழக்குரைஞரைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் தள்ளிப்போடலாம். அதனால் எந்தச் சட்டத்தில் பிடித்தார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு, மறுவாரம் கிளினிக்குக்குப் போவார்கள். அதற்குள் பாதித் தடயம் போய்விடும். அன்றே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். “விழுந்துட்டேன்” என்று சொல்லாதீர்கள். அதுவே பதிவாகும், பிறகு மாற்ற முடியாது. கறுத்த தோலில் கன்றிய இடம் முதல் நாள் தெரியாமல் அடுத்த நாளோ மூன்றாம் நாளோ எழும்பலாம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் 20 சென் காசு வைத்து, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று மூன்று நாளும் படமெடுங்கள். பாதத்தில் ரப்பர் குழாயால் அடித்தால் மேலே ஒன்றும் தெரியாமல் போகலாம், நடக்கும்போது வலிக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நசுங்கிய தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அடையாளம் அது. 2009இல் சுபாங் ஜெயாவில் போலிஸ் காவலில் இறந்த ஆ.குகனுக்கு, முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. குடும்பம் வற்புறுத்திச் செய்வித்த இரண்டாவது பரிசோதனைதான், அடிபட்டுச் சிதைந்த தசையால் சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது.

போலிஸ் மீதான புகாரை அதே பாலாயில்தான் கொடுக்கவேண்டும் என்பதில்லை. வேறு ஊரிலும் கொடுக்கலாம். நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும் போலிஸ் நடத்தை ஆணையமான ஐபிசிசிக்கும் ஒவ்வொரு நகல் அனுப்புங்கள். ஐபிசிசி தானே தண்டிக்காது, விசாரித்துப் பரிந்துரைக்கும். ஆனாலும் கோப்பு திறக்கும். நஷ்டஈட்டு வழக்குக்குக் காலக்கெடு 36 மாதம்; எண்ணத் தொடங்குவது அடி விழுந்த நாளிலிருந்து, குற்ற வழக்கு முடிந்த நாளிலிருந்து அல்ல.