நன்னடத்தைச் சான்று ரிட் மனுவுக்கு உதவாது

வழக்கறிஞரான என்னிடம் பவானிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்து வைத்தவை அனைத்தும் நன்னடத்தைச் சான்றுகள். அவற்றுள் ஒன்று தறிக்குடோன் முதலாளி தம் கைப்பட எழுதியது. சிறையில் கைப்பேசி வைத்திருந்ததாகக் கூறி, மகனை மனு போட்டுப் பார்ப்பதை மூன்று மாதத்திற்கு நிறுத்திவிட்டார்களாம். எந்தத் தேதியில் தண்டித்தார்கள் என்று கேட்டேன். "எம்பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க" என்றார். இப்படி வருபவர்களில் இவர் முதலாமவர் அல்லர்.

எத்தனை முறை சொல்வது? அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் ரிட் மனு, அதாவது அதிகாரிகளின் உத்தரவு சட்டப்படியானதா என்று பார்க்கக் கோரும் மனு, மேல்முறையீடு அன்று. கைப்பேசி யாருடையது என்று நீதிபதி புதிதாக விசாரிக்கமாட்டார். குற்றச்சாட்டு கைதிக்குச் சொல்லப்பட்டதா, பதிலளிக்க வாய்ப்புத் தரப்பட்டதா, அதிகாரம் உள்ளவர்தாம் தண்டித்தாரா, முடிவுக்குப் பதிவில் ஆதாரம் உண்டா என்பவற்றையே பார்ப்பார். நடைமுறை பிசகியிருந்தால் உத்தரவு ரத்தாகும்; முறையாக மறுபடி விசாரித்துத் தண்டிக்க அப்போதும் பெரும்பாலும் தடையிராது. முதலாளியின் கடிதம் இவற்றுள் எந்தக் கேள்விக்கும் விடையாகாது. கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாதென்றே அதைக் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்.

1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, விசாரித்துத் தண்டிப்பவர் கண்காணிப்பாளர். குற்றமும் தேதியும் தண்டனையும் தண்டனைப் புத்தகத்தில் ஏற வேண்டும். தனிக்கொட்டடி, சலுகை மறுப்பு, தண்டனையாக வேறு சிறைக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்கு அமர்வு நீதிபதியின் பரிசீலனை வேண்டும் என்றும், அவசரமாயின் இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் 1979-இல் இரண்டாம் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு கைதி எழுதிய கடிதமே அங்கே மனுவாயிற்று.

ஆகவே, தயவுசெய்து தாமதிக்காதீர்கள். இரண்டரை மாதம் கழித்து வந்தால், மனு பட்டியலுக்கு வருமுன் தடையே முடிந்துவிடும். ரெமிஷன் (தண்டனைக் காலக் கழிவு) வெட்டப்பட்டிருந்தால் மட்டும் தாமதமானாலும் வாருங்கள். விடுதலைத் தேதியே தள்ளிப்போகிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், நகையை அடகு வைத்துப் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். கோவை, சேலம் சிறை விவகாரங்கள் சென்னைக்குப் போகும். திருச்சிச் சிறையில் இருக்கும் கரூர்க்காரருக்கு மதுரைக் கிளை.

அந்த அம்மாவால் இப்போது மகனைப் பார்க்க முடியாது. வழக்கறிஞர் என்ற முறையில் நான் நேர்காணலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். குற்றச்சாட்டை யார், எந்த நாளில், எழுத்திலா வாய்மொழியாகவா சொன்னார்கள் என்பதை அவனிடம்தான் கேட்டாக வேண்டும்.