பயந்த வயிறு பசிக்காது

"தங்குமிடத்திலிருந்து ஒரு நாட்டு நாயைத் தத்தெடுத்து வந்திருக்கிறோம். பெண், இரண்டு வயசு இருக்கும். வந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. சிக்கன், முட்டை, பால், பிஸ்கட் எல்லாம் வைத்தாயிற்று, எதையும் தொடவில்லை. மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டு, காலில் கறுப்புக் கயிறும் கட்டிவிட்டார். வேறு என்ன செய்யலாம்?" என்று மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். நாய் அதைக் கடித்து விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும், அப்புறம் அறுவை சிகிச்சைதான்.

இனி பசி. ஆபத்து என்று மூளை முடிவு கட்டிவிட்டால் அட்ரினலின் பாயும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குத் திரும்பும். பள்ளியில் படித்ததுதான். கூடவே கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனும் ஏறும். அதை ஏற்றிவிடுகிற, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுரக்கும் ஹார்மோனுக்குப் பசியை அடக்கும் வேலையும் உண்டு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தங்குமிட நாய்களின் ரத்தத்தைச் சோதித்து 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே வந்து சேர்ந்த முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசால் உச்சத்தில் இருந்தது, நாள் ஆக ஆகக் குறைந்தது. உங்கள் நாய்க்கு உங்கள் வீடும் இன்னொரு புது இடம்தான். நீங்கள் நல்லவர்கள் என்பது அதற்கு இன்னும் தெரியாது.

ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதற்குப் பிறகுதான். பயம் பசியை மட்டும் அடக்குவதில்லை, இரைப்பையையே நிறுத்திவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்தவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன். 1896 டிசம்பரில் அவர் ஹார்வர்டில் மருத்துவ மாணவர், வயது 25. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவரும் அவருடைய சக மாணவரும் ஒரு நாயை முத்துச் சிப்பிப் பொத்தான் ஒன்றை விழுங்கவைத்து, அது உணவுக்குழாயில் இறங்குவதை எக்ஸ்-கதிரில் பார்த்தார்கள். அடுத்து பூனைகள். உணவில் பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்தால் இரைப்பையின் உருவம் திரையில் கறுப்பாகத் தெரியும். அதன் சுவரில் அலை அலையாகச் சுருக்கங்கள் ஓடுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார்.

சில பூனைகளில் அந்த அலைகள் வரவே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்று விட்டிருக்கலாம், விடவில்லை. கட்டிவைத்ததற்காகச் சீறித் திமிறும் பூனைகளில்தான் அப்படி என்பதைக் கவனித்தார். குட்டிபோட்ட ஒரு தாய்ப்பூனை அமைதியாக இருந்தது, அலைகளும் ஒழுங்காக ஓடின. திடீரென்று அது பதற்றமானது. அந்தக் கணமே இரைப்பை அசையாமல் நின்றுவிட்டது. தடவிக்கொடுத்து, பூனை சுகமாகக் 'குர்ர்' என்று முனகத் தொடங்கிய பிறகுதான் அலைகள் திரும்ப வந்தன. மனம் கலங்கினால் வயிறு நிற்கும், மனம் அமைதியானால் வயிறு இயங்கும் என்பது ஒரு திரையில் நிழலாகத் தெரிந்திருக்கிறது! இன்று ஒரு மாணவர் "நாய்க்குப் பொத்தான் கொடுத்துப் பார்க்கிறேன்" என்று நிதி கேட்டால், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதே காலத்தில் ரஷ்யாவில் பாவ்லோவ் இதன் மறுபாதியைப் பிடித்தார். மணியடித்து எச்சில் ஊறவைத்த கதையால்தான் அவரை நமக்குத் தெரியும். ஆனால் 1904-இல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்கு. நாயின் உணவுக்குழாயைக் கழுத்தில் திறந்துவிட்டிருந்தார். தின்றது எல்லாம் வெளியே விழுந்துவிடும், வயிற்றுக்கு ஒரு பருக்கைகூடப் போகாது. இருந்தும் ஐந்தாறு நிமிடத்தில் இரைப்பையில் நீர் சுரந்தது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் அது நின்றுபோனது. கொடூரமான சோதனைதான், ஆனால் சொன்ன சேதி பெரியது: ருசியும் மணமும் ஆசையும் மூளைக்குப் போய், மூளை ஆணையிட்ட பிறகே வயிறு தயாராகிறது. (அந்த இரைப்பை நீரையே அஜீரண மருந்தாக விற்று ஆய்வகத்துக்குப் பணம் சேர்த்திருக்கிறார். நிதிப் பஞ்சம் எந்தக் காலத்திலும் உண்டு.)

ஆக, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் உங்கள் நாய்க்கு வேகஸின் ஆணை வரவில்லை, பயத்தில் முடுக்கப்படும் எதிர்த்தரப்பு நரம்புகள் வயிற்றை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பரீட்சை நாள் காலையில் இட்லி தொண்டையில் இறங்காததுபோல. அந்த நேரத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "சாப்பிடு, சாப்பிடு" என்று தட்டை மூக்குக்குக் கீழே நீட்டினால் பயம்தான் கூடும்.

திருஷ்டிக்கு வருகிறேன். பயத்தில் வாய் உலரும் என்பது நம் முன்னோருக்கு நன்றாகத் தெரியும். திருட்டுச் சந்தேகம் உள்ளவர்களை அரிசி மெல்லச் சொல்லித் துப்பவைப்பார்கள். யாருடையது உலர்ந்து வருகிறதோ அவர் குற்றவாளி. கேனனே 1915-இல் வெளியிட்ட நூலில் இந்த வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். கவனித்தது சரி, முடிவுதான் தப்பு. பயந்தாங்கொள்ளியான அப்பாவி எத்தனை பேர் மாட்டினார்களோ! திருஷ்டி சுற்றுவதும் இப்படித்தான். இரண்டு மூன்று நாளில் கார்ட்டிசால் தானாக இறங்கி நாய் சாப்பிடும், பெயர் எலுமிச்சம்பழத்துக்குப் போகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தங்குமிடத்துக்கு போன் செய்து அங்கே என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். தயிர்சாதமோ சிக்கன் சாதமோ, முதல் வாரம் அதையே கொடுங்கள். பிறகு ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மாற்றலாம். பால் வேண்டாம், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடவே கூடாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாதத்தை வெதுவெதுப்பாக வையுங்கள், சூட்டில் மணம் எழும், நாய்க்கு ருசியின் பெரும்பகுதி மூக்கில்தான். தட்டு நடமாட்டமில்லாத மூலையில் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் கதவு. குனிந்து தின்னும்போது நாய்க்குத் தற்காப்பு இல்லை, அதனால்தான் இந்த ஏற்பாடு. வைத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். அரைமணி கழித்து எதுவும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். பகலில் தொடாத நாய், வீடு உறங்கிய பிறகு தின்பது சகஜம். அதற்காக இரவில் கொஞ்சம் உலர் உணவை, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைக்கலாம்.

கொல்கத்தாவில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) அமைப்பின் அனிந்திதா பத்ரா குழு தெரு நாய்களிடம் ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டது. அறிமுகமில்லாத மனிதர்களிடம் நம்பிக்கை வளர்த்துக்கொள்ள, உணவைவிடத் தடவிக்கொடுப்பதே அந்த நாய்களிடம் அதிகம் எடுபட்டது. கேனனின் பூனை ஞாபகம் வருகிறதா? ஆனால் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி இழுத்துத் தடவாதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அது வரட்டும்.

எல்லாவற்றையும் பயத்தின் தலையில் கட்டவும் கூடாது. நம் ஊர் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். ஈறு வெளுத்திருந்தால், உடம்பு கொதித்தால், வாந்தியோ ரத்தக் கழிச்சலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம். குட்டி நாயாக இருந்தால் ஒரு நாள் பட்டினியே ஆபத்து. எச்சில் ஒழுகி, தாடை தொங்கி, தள்ளாடினால் வாயில் கை வைக்கவே வைக்காதீர்கள், அது ரேபிஸாகவும் இருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி போட்ட அட்டையைத் தங்குமிடத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

நீங்கள் எழுதாத விஷயம் ஒன்று உண்டு: தண்ணீர் குடிக்கிறதா? குடிக்கிறது, இரவில் எழுந்து வீட்டை மோந்து சுற்றுகிறது என்றால் இரண்டு நாள் பொறுக்கலாம். தண்ணீரும் இறங்கவில்லை என்றால் இன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.