மனப்பான்மையா, அணுகுமுறையா?

பெருந்தொற்றுக் காலத்துக் கள ஆய்வுகளைத் தமிழில் எழுதுவோர் ‘அறிவு, அணுகுமுறை, நடைமுறை’ என்று மூன்றையும் அடுக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நடுவில் உள்ள சொல் பிழை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஆட்டிட்யூட் (attitude); அதற்குரிய தமிழ் மனப்பான்மை. இலங்கையில் வழங்கும் மனப்பாங்கும் அதே அளவுக்குப் பொருத்தமானது.

ஆட்டிட்யூட் லத்தீன் வேரிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது. ஓவியத்திலும் சிற்பத்திலும் உருவம் நிற்கும் நிலையை முதலில் குறித்து, பின்னர் மனம் கொள்ளும் நிலைக்கு ஆகிவந்தது. பால் என்னும் சொல் மை விகுதி பெற்றுப் பான்மை ஆயிற்று. பால் என்றால் பக்கம். மனம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மனப்பான்மை சுட்டுகிறது.

அணுகுதலோ ஒரு செயல். முறை அதைச் செய்யும் வழி. அப்ரோச் என்பதற்குக் கச்சிதமாக அமைந்துவிட்ட அச்சொல்லை இங்கே இழுத்துவந்தால் ஆய்வே கெடும். ‘முகக்கவசம் குறித்து உங்கள் அணுகுமுறை என்ன?’ என்று 2020-இல் ஒருவரைக் கேட்டிருந்தால், ‘கடைக்குப் போகும்போது போட்டுக்கொள்வேன்’ என்றுதான் சொல்லியிருப்பார். அது நடைமுறை. ‘நமக்கெல்லாம் வராது’, ‘யாருமே போடாத இடத்தில் நான் மட்டும் போட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்’ என்று அவர் உள்ளே வைத்திருப்பது வெளியே வராமலே போய்விடும். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியதன் காரணமோ பெரும்பாலும் அங்கேதான் இருந்தது.

இது வெறும் சொற்சண்டை அன்று. 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டறிய இலவச எக்ஸ்ரே வண்டிகள் குடியிருப்புகளுக்கே சென்றும் பலர் வரவில்லை. காரணத்தை ஆராய்ந்த சமூக உளவியலாளர் காட்ஃப்ரி ஹாக்பாம், தமக்கும் நோய் வரக்கூடும், முன்கூட்டியே கண்டறிவதால் பயன் உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 விழுக்காட்டினர் தாமாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டதையும், இரண்டையும் நம்பாதவர்களில் 21 விழுக்காட்டினரே எடுத்துக்கொண்டதையும் 1958-இல் வெளியிட்டார். அறிவுக்கும் செயலுக்கும் இடையில் நிற்கும் இந்த நம்பிக்கையையும் சாய்வையும் அணுகுமுறை என்ற சொல்லால் தொடவே முடியாது.

மனநிலை என்று எழுதுவோரும் உண்டு. அது காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். வடசொல்லான மனோபாவம் பொருளில் தவறில்லை. தமிழ்ச்சொல் தெளிவாக இருக்கையில் அதற்குத் தேவையில்லை. ‘ஆட்டிட்யூட் காட்டுகிறான்’ என்று செருக்கைக் குறிக்கும் பேச்சுவழக்கு பரவியதால், மூலச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுக்காமல், அந்தக் கேள்விக்கு மக்கள் என்ன விடை சொல்வார்கள் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். ‘உங்களுக்கு இத்தொற்று வரக்கூடும் என்று எண்ணுகிறீர்களா?’ என்பது மனப்பான்மையை அறியும் கேள்வி; ‘நேற்று வெளியே சென்றபோது முகக்கவசம் அணிந்தீர்களா?’ என்பது நடைமுறையை அறியும் கேள்வி.