டிரையல்ஸ் பைக்கிற்குப் புது சைலன்சர்: காசு கொடுக்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

"பைக் முன்னே மாதிரி இழுக்கவில்லை, ஆஃப்டர்மார்க்கெட் (வேறு கம்பெனி தயாரித்த) சைலன்சர் மாட்டினால் சரியாகிவிடுமா?" டிரையல்ஸ் ஓட்டுபவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஆகாது. எண்ணெய் குடித்து அடைத்துப்போன சைலன்சரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். ஆனால் அதில் பெரும்பங்கு புது பிராண்டால் வந்ததல்ல, அடைப்பு நீங்கியதால் வந்தது. அதே பலனைப் பழைய சைலன்சருக்குள் புதுப் பேக்கிங் (சத்தத்தை உள்வாங்கும் இழை) வைத்தே பெறலாம்.

டிரையல்ஸ் என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பாறை, மரத்தடி, ஓடை என்று நடை வேகத்தில் கடக்கும் விளையாட்டு இது. இப்படிக் கடக்க வேண்டிய ஒவ்வொரு தடைப்பகுதியும் ஒரு செக்‌ஷன். ஒருமுறை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, செக்‌ஷனை முடிக்காமல் விட்டால் 5. புள்ளி குறையக் குறைய நல்லது. இங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ஆக்சிலரேட்டரின் முதல் சில டிகிரி திருப்பம்தான். விளம்பரங்கள் பெருமையடிப்பதோ உச்ச ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) கிடைக்கும் கூடுதல் குதிரைசக்தியை. ஈரப்பாறையில் ஏறுகிறவருக்கு அந்த ஆர்பிஎம் வேண்டாத இடம். திடீரென்று எகிறும் பவர் பின்சக்கரத்தைச் சுழல வைத்து, கையில் இருந்த பிடியையும் பறித்துவிடும்.

டூ-ஸ்ட்ரோக் டிரையல்ஸ் பைக்கின் எக்ஸாஸ்டை மூன்று துண்டாகப் பாருங்கள்: சிலிண்டரிலிருந்து வரும் பெண்ட் பைப், நடுவில் ஒரு பெட்டி, பின்னால் வால் சைலன்சர். எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. பைப் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை இழுக்கிறது. குறுகும் இடத்தில் தள்ளும் அலையாகத் திரும்பி, வெளியே தப்பப் பார்க்கும் புதுக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இந்த நேரக்கணக்கு எந்த ஆர்பிஎம்மில் பொருந்தும் என்பதை முன்பகுதியின் நீளமும் கொள்ளளவும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே பெண்ட் பைப்பை மாற்றினால் பைக்கின் குணமே மாறும். வால் சைலன்சரை மட்டும் மாற்றினால் சத்தம் மாறும், எடை கொஞ்சம் குறையும், இழுவையில் பெரிதாக எதுவும் நடக்காது. கடையில் அதிகம் விலைபோவது இந்த வால் பகுதிதான் என்பது வேடிக்கை.

இனி அடைப்பு. டிரையல்ஸ் எஞ்சின் குறைந்த ஆர்பிஎம்மிலேயே ஓடுவதால் எக்ஸாஸ்ட் முழுச் சூடு ஏறுவதே அபூர்வம். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ-டி ஆயிலில் எரியாத மிச்சம் ஆவியாகப் போகாமல் நடுப்பெட்டியிலும் வாலிலும் உள்ள கண்ணாடி இழைப் பேக்கிங்கில் ஊறித் தங்கிவிடும். ஜாயின்ட்டுகளில் கறுப்பு எண்ணெய் வழிவது, சத்தம் கூடுவது, ஐடிலிங்கில் ஓடிவிட்டு ஆக்சிலரேட்டரைத் திறந்ததும் ஒரு நொடி திணறுவது, வால் சைலன்சரைக் கையில் தூக்கினால் கனப்பது ஆகியவை அடையாளம். இவற்றில் இரண்டு இருந்தாலே திறந்து பார்த்துவிடலாம்.

ரிவெட் வைத்த சைலன்சர் என்றால் வேலை எளிது. பல மாடல்களில் ரிவெட் 4.8 மில்லிமீட்டர், அதே அளவு டிரில் பிட்டால் தலையை மட்டும் எடுத்து, மீதியைப் பின்பக்கமாகத் தட்டிவிடுங்கள். டிரில் சாய்ந்து துளை பெரிதாகிவிட்டால் புது ரிவெட் பிடிக்காது. வெளி உறையை ரப்பர் சுத்தியலால் தட்டி உருவி, ஊறிய இழையை வெட்டி எடுங்கள். இழை தோலிலும் மூச்சிலும் போகக் கூடாது. கையுறையும் மாஸ்க்கும் கட்டாயம். உள்ளே இருக்கும் துளைக் குழாயின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் திறந்திருக்க வேண்டும். கம்பித் தூரிகையால் கரியைச் சுரண்டுங்கள். புதுப் பேக்கிங்கைக் குழாய் மேல் சீராகச் சுற்றி, பருத்தி நூலால் கட்டி உறைக்குள் செலுத்துங்கள். லேசாக அழுத்தினால் நுழைய வேண்டும், அதுதான் சரியான அளவு. நெருக்கித் திணித்தால் சத்தத்தை உள்வாங்க இழைகளுக்கிடையே இடமிருக்காது. தளர்ந்திருந்தால் சீக்கிரமே துகள் துகளாக வெளியே பறந்துவிடும். மூடியின் விளிம்பில் உயர் வெப்ப சிலிக்கான் தடவி, ஸ்டெயின்லெஸ் ரிவெட்டால் மூடி, ஓர் இரவு காய விடுங்கள்.

நடுப்பெட்டி வெல்டிங் செய்து மூடப்பட்டிருந்தால் சிலர் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்கிறார்கள். இரும்புக்கு அது சரி. அலுமினியத்துக்கு ஒருபோதும் கூடாது: காஸ்டிக் அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கரைசல் தயாரிக்கும்போது சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும்; சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். ஊதுபத்தி கொளுத்துவது போல எண்ணெயை நெருப்பு வைத்து எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், புகையும் நச்சு.

எக்ஸாஸ்டைச் சுத்தம் செய்த கையோடு கார்பரேட்டரையும் பாருங்கள். எண்ணெய் ஏன் அவ்வளவு சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எஞ்சின் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மெதுவாகத் திருப்பி, ஐடிலிங் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து சுமார் ஒன்றரைச் சுற்றில் அந்த இடம் வந்தால் நலம். இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால் பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகு) பெரிது, ஓர் அளவு குறையுங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் சிறிது, ஓர் அளவு கூட்டுங்கள். ஆயில் விகிதத்துக்குப் பைக்கின் கையேடு சொல்வதே கணக்கு. பயத்தில் கூடுதலாக ஊற்றும் ஆயில்தான் சைலன்சரில் போய்ச் சேர்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் பைக்கின் குணம் பிடிக்கவில்லை என்றால், எக்ஸாஸ்டுக்கு முன்னால் மாற்றிப் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. பவர் முரட்டுத்தனமாக வந்தால் ஃப்ளைவீல் வெயிட் (எஞ்சின் வேகம் சட்டென ஏறாமல் தடுக்கும் கூடுதல் எடை), ஆக்சிலரேட்டர் மெதுவாகத் திறக்க உதவும் திராட்டில் டியூப், ஈரத் தரைக்கான இக்னிஷன் மேப் (தீப்பொறி நேர அமைப்பு). மந்தமாக இருந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது. பின் டயர் தேய்ந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது; டயரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

அப்படியானால் ஆஃப்டர்மார்க்கெட் எப்போது நியாயம்? பழையது பாறையில் நசுங்கி, தட்டி எடுக்க முடியாமலோ துருப்பிடித்து ஓட்டையாகியோ இருந்து, கம்பெனி பாகத்தைவிட இது மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். பழைய மாடல்களில் வேறு வழியே இருக்காது. 1965-இல் டிரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல் போட்டியில் ஓட்டி வென்ற புல்டாக்கோ ஷெர்பா போன்ற வண்டிகளுக்குக் கம்பெனிப் பைப் கிடைத்தாலும், உள்ளிருந்து துருவேறியதாகத்தான் இருக்கும். புதிதாகச் செய்யப்பட்ட பைப்தான் கதி.

எடைக்காக டைட்டானியம் வாங்குபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே தடிமனில் டைட்டானியம் இரும்பின் எடையில் சுமார் 57 சதவீதம். ஒன்றரைக் கிலோ பைப் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 650 கிராம் அளவு. பைக்கும் ஓட்டுபவரும் சேர்ந்து 140 கிலோ இருக்கும்போது இது அரை சதவீதத்துக்கும் கீழே. பின்சக்கரத்தில் துள்ளி நகரும் மேல்நிலைப் போட்டியாளருக்கு உயரத்தில், வாலில் குறையும் எடை கையில் தெரியும். மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலே கணக்கு நேராகிவிடும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் கதை தனி. 2005 மாடலாக வந்த மோண்டேசா கோட்டா 4ஆர்டி போன்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் திறந்த (புகையைத் தடையின்றி விடும்) சைலன்சர் மாட்டினால் பெட்ரோல் அளவைச் சொல்லும் மேப்பும் மாற வேண்டும். இல்லையென்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து, ஆக்சிலரேட்டரை மூடும்போது படபடவென்று வெடிக்கும்; மெதுவாக ஓட்டும்போது எஞ்சின் நின்றுபோகவும் வாய்ப்புண்டு.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால் சத்த அளவுச் சான்றிதழைக் கேளுங்கள், போட்டி விதியோடு ஒப்பிடுங்கள். சத்தத்தால் ஊர்க்காரர்கள் கோபப்பட்டு ஓட்டும் இடம் பறிபோவது இந்த விளையாட்டின் நிரந்தரத் தலைவலி. காட்டுப் பகுதியில் ஓட்டுவீர்களானால் தீப்பொறித் தடுப்பான் உள்ளதா என்றும் பாருங்கள்.

மாட்டும்போது அவசரம் கூடாது. எல்லா போல்ட்டையும் தளர்வாக வைத்து, ஜாயின்ட்டில் கசிவைத் தடுக்கும் புது ஓ-ரிங்கில் லேசாக ஆயில் தடவிப் பெண்ட் பைப்பை முதலில் உட்கார வையுங்கள். பிறகு ஸ்பிரிங்குகள், கடைசியில் பிராக்கெட் போல்ட்டுகள். பைப்பை வளைத்து இழுத்து போல்ட்டுக்குக் கொண்டுவந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் நிச்சயம். பின் ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தை முழுதாக மேலே தூக்கிப் பாருங்கள். டயர் சைலன்சரில் உரசினால் இப்போதே தெரிந்துவிடும். டைட்டானியத்தில் படிந்த விரல் ரேகை முதல் சூட்டிலேயே கறையாகிவிடும் என்பதால் ஸ்டார்ட் செய்யும் முன் ஆல்கஹாலால் துடையுங்கள். ஒருமுறை சூடாகி ஆறிய பின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

கழற்றிய ஒரிஜினலை எறிய வேண்டாம். உள்ளே ஆயில் தெளித்து, இரு வாயையும் துணியால் அடைத்து வையுங்கள். பைக்கை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதுவாக இருக்கலாம்.