காஸ்ட்லி வாட்ச் ஏன் டைம் தப்புது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார், சொத்தை வித்து வாங்குற மாதிரி விலை சொல்ற மெக்கானிக்கல் வாட்ச் தினமும் சில செகண்ட் முன்னப்பின்ன போகுது, பேட்டரி போட்ட சாதா வாட்ச் மாசத்துக்கே பத்து பதினஞ்சு செகண்ட்தான் தப்புது, அப்புறம் எதுக்கு அவ்வளவு காசுன்னு. நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்துல க்ரோனோமீட்டர், அதாவது துல்லியமா ஓடுற வாட்ச்னு சர்டிபிகேட் குடுக்கிற அமைப்பே ஒரு நாளைக்கு சராசரியா 4 செகண்ட் ஸ்லோவா போனாலும் 6 செகண்ட் ஃபாஸ்ட்டா போனாலும் பாஸ் போட்டுடும்.

அந்த பேட்டரி வாட்ச், அதாவது குவார்ட்ஸ் வாட்ச், அதோட கதை சின்னது. உள்ள ஒரு குட்டி குவார்ட்ஸ் கிரிஸ்டல், பேட்டரியும் சர்க்யூட்டும் சேர்ந்து அதை செகண்டுக்கு 32,768 தடவ அதிர வைக்கும், அந்த எண்ணை பதினஞ்சு தடவ பாதியாக்கினா 1, அதுதான் செகண்ட் முள்ளு நகர்றது. கிரிஸ்டலை அழுத்தினா மின்சாரம் வர்ற இந்த பீசோ எலெக்ட்ரிக் சமாச்சாரத்தை க்யூரி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கண்டுபிடிச்சது 1880ல, சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வித்தது 1969ல. 'இதனால உடனே என்ன லாபம்'னு கேட்டு ஆராய்ச்சிக்கு காசு ஒதுக்குறவங்க இந்த ரெண்டு வருஷத்தையும் எழுதி மேஜை மேல ஒட்டி வச்சுக்கலாம். (கிரிஸ்டல் மாலை போட்டா நல்ல அதிர்வு வரும்னு விக்கிறாங்களே, வாட்ச்ல இருக்கிற கிரிஸ்டல்கூட பேட்டரி செத்தா அதிராது சாமி.)

சரி, எனக்கு பிடிச்ச இடத்துக்கு வர்றேன், எஸ்கேப்மென்ட். சாவி குடுத்த மெயின் ஸ்பிரிங்கை சும்மா விட்டா கொஞ்ச நேரத்துல சர்ருனு மொத்தமும் பிரிஞ்சிடும், அதை துளித்துளியா விட வைக்கணும். அதுக்கு பேலன்ஸ் வீல்னு ஒரு சக்கரம், முடி மாதிரி மெல்லிசான ஹேர் ஸ்பிரிங்கோட பலத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஆடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவ நடுவுல கடக்கும்போதும் அதுல இருக்கிற சின்ன கல்லு பேலட் ஃபோர்க்குங்கிற கவை மாதிரி லீவரை ஒரு தட்டு தட்டும், ஃபோர்க்கோட ஒரு முனையில இருக்கிற ரூபி கல்லு எஸ்கேப் வீலோட, அதாவது மெயின் ஸ்பிரிங் சுத்த வைக்கப் பாக்குற பல்சக்கரத்தோட, பல்லை விட்டு விலகும், விடுதலை ஆன பல்லு சும்மா போகாம அந்த கல்லோட சரிவுல வழுக்கி ஃபோர்க்கை தள்ளும், ஃபோர்க் பேலன்ஸ் வீலை தள்ளும், அதுக்குள்ள மறுமுனை ரூபி வந்து அடுத்த பல்லை பிடிச்சுக்கும். டிக். அதாவது பூட்டை திறந்தவனுக்கே கூலியும் அதே நொடியில கிடைச்சிடுது!

இதுல அழகு என்னன்னா தள்ளுற இடம். ஊஞ்சலை நாம ஓரத்துக்கு வந்து திரும்பும்போது தள்ளுவோம், இங்க நடுவுல, வேகம் உச்சத்துல இருக்கிறப்ப தள்ளுறாங்க, ஏன்னா அந்த இடத்துல குடுக்கிற தள்ளு ஆட்டத்தோட நேரத்தை கிட்டத்தட்ட மாத்தாது. தள்ளி முடிச்சதும் ஃபோர்க் ஒதுங்கிடும், வீல் தன் பாட்டுக்கு ஃப்ரீயா ஆடும். தாமஸ் மட்ஜ்னு ஒரு இங்கிலாந்து கடிகாரக்காரர் 1750கள்ல யோசிச்ச இந்த லீவர் ஐடியாதான் இன்னைக்கும் பெரும்பாலான மெக்கானிக்கல் வாட்ச்ல ஓடுது. இப்ப வர்ற நிறைய வாட்ச்ல மணிக்கு 28,800 டிக், நாளைக்கு கிட்டத்தட்ட ஏழு லட்சம், அத்தனை தடவையும் உரசல், எண்ணெய், சூடு, புவியீர்ப்பு எல்லாத்தையும் சமாளிச்சு 5 செகண்ட்தான் தப்புதுன்னா அது 0.006 சதவீதம். இதை கேவலம்னு என்னால சொல்ல முடியல.

ஆனா அந்த விலை இதுக்கு மட்டும் இல்ல, பேருக்கும்தான். டூர்பியான்னு எஸ்கேப்மென்ட்டையே மொத்தமா சுத்த விடுற அமைப்பு, ப்ரெகேன்னு ஒரு கடிகாரக்காரர் 1801ல பேட்டன்ட் வாங்கினது, பாக்கெட்ல ஒரே நிலையில நிக்கிற கடிகாரத்துல புவியீர்ப்பால வர்ற தப்பை சமப்படுத்த அதுக்கு அர்த்தம் இருந்துச்சு, நாள் பூரா ஆடுற கையில அது கண்ணாடி வழியா காட்டிக்கிறதுக்குத்தான்னு நான் நினைக்கிறேன். வேடிக்கை என்னன்னா அந்த 1969 குவார்ட்ஸும் வந்தப்ப ஒரு சின்ன கார் விலை, மலிவானதும் அந்தஸ்து போயிடுச்சு.

கேசட் போட்ட வாக்மேனை அலமாரியில பத்திரமா வச்சிருக்கிறவங்களுக்கும் பழைய மெஷினை விட மனசு வராத இதே வியாதிதான், வேகத்தை சீரா வைக்கிற இதே பொறியியலும்தான். கேசட்ல சக்கரம் டேப்பை இழுக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இழுத்தா சுத்து ஏற ஏற வேகமும் ஏறி பாட்டு கீச்சுக்குரலா போயிருக்கும். வேகத்தை முடிவு பண்றது கேப்ஸ்டன்னு ஒரு மெல்லிய இரும்பு தண்டு, ரப்பர் உருளை டேப்பை அது மேல அழுத்தி பிடிக்க, செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்னு டேப் நகரும். வேகம் 0.1 சதவீதம் நிரந்தரமா தப்பினா வாட்ச்ல நாளைக்கு ஒன்றரை நிமிஷம் போச்சு, கேசட்ல காது கண்டுக்கவே கண்டுக்காது. ஆனா அந்த வேகம் கூடி குறைஞ்சு ஆட ஆரம்பிச்சா காது விடாது. தண்டு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்னு வச்சுக்கிட்டா செகண்டுக்கு ஏழெட்டு தடவ சுத்தும், அது லேசா கோணலா இருந்தா நீளமா நிக்கிற பியானோ ஸ்வரம் செகண்டுக்கு ஏழெட்டு தடவ நடுங்கும், ட்ரம்ஸ் அடிக்கிற இடத்துல ஒண்ணுமே தெரியாது. பழைய பிளேயர் வாங்கப் போறீங்கன்னா பியானோ கேசட் ஒண்ணை கையோட கொண்டு போங்க.