பெண்ட்ஸ்: தமிழில் என்ன சொல்வது?

ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலுக்குள் வாயு குமிழியாகி வரும் நோயைக் கடலில் முங்குபவர்கள் 'பெண்ட்ஸ்' என்பார்கள். மருத்துவர் எழுதுவது டீகம்ப்ரஷன் சிக்னஸ். பெண்ட் என்றால் வளைதல். 1870களில் அமெரிக்காவில் பாலத்துக்கு அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிக்குள் இறங்கியவர்கள் வெளியே வந்ததும் மூட்டுவலியில் குனிந்தே நடந்தார்கள். அன்றைய நாகரிகப் பெண்களின் 'கிரேக்க வளைவு' நடை என்று கேலி செய்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. தமிழில் 'வளைவு நோய்' என்றால் விளங்காது. 'முடக்கு' பொருந்தும், ஆனால் அதை முடக்குவாதம் பிடித்துக்கொண்டது.

'அழுத்தநீக்க நோய்' என்றும் எழுதலாம்தான். ஆனால் அழுத்தம் நீங்குவதில்லை, தளர்கிறது: 20 மீட்டர் ஆழத்தில் 3 வளிமண்டலம், மேலே 1. எனவே 'அழுத்தத் தளர்வு நோய்' என்பதே சரி. அந்தக் குமிழியாகும் வாயு நைட்ரஜன். அதை மேலூர் விவசாயி தழைச்சத்து என்பது யூரியா மூட்டைக்குப் பொருந்தும். ரத்தத்தில் கரையும் வாயுவுக்கு நைட்ரஜனே இருக்கட்டும்.

கோலி சோடாவில் குண்டை அமுக்கியதும் பொங்குகிறதே, அதே கதைதான். ஆழத்தில் அழுத்தம் கூட, மூச்சுக்காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மேலே வரும்போது குமிழியாகிறது. மூச்சடக்கி ஒருமுறை முங்கினால் கரைவது கொஞ்சம்தான். தோட்டத்துக் கிணற்றில் முங்கியவர் மயங்கினால் அது பெண்ட்ஸ் அல்ல, ஆக்சிஜன் தீர்ந்த மயக்கம்.

மூச்சடக்கி முங்குபவர்களுக்கு, ஓய்வில்லாமல் முங்கும்போதுதான் நைட்ரஜன் சேர்கிறது. பசிபிக் கடலின் துவாமோத்து தீவுகளில் முத்துக்குளிப்பவர்கள் இதைத் 'தாரவானா' என்றார்கள்: தலைசுற்றல், கைகால் இழுத்துக்கொள்ளல், சாவும்கூட. முங்கலுக்கு முங்கல் 10 நிமிடமாவது ஓய்ந்த மங்கரேவா தீவு ஆட்களுக்கு அது வரவில்லை. இன்று சொல்லித்தரும் கணக்கு: ஆழத்தை மீட்டரில் 5ஆல் வகுத்தால் ஓய்வு நிமிடம். 30 மீட்டருக்கு 6. நாள் முழுக்க முங்கினால் அதுவும் போதாது.

முங்கி வந்தவருக்குப் பேச்சுக் குழறினாலோ உடலின் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ படுக்கவைத்து 100% ஆக்சிஜன் கொடுங்கள். அழுத்த அறை உள்ள மருத்துவமனையைத் தேடுங்கள். 'மறுபடி முங்கினால் சரியாகும்' என்று தண்ணீரில் இறக்காதீர்கள்.

மதுரைக்காரர்கள் கோட்டைவிடுவது வேறிடத்தில். ராமேஸ்வரத்தில் சிலிண்டர் கட்டி முங்கிவிட்டு அன்றிரவே கொடைக்கானலுக்குக் கார் ஏறுவார்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அழுத்தம் மேலும் தளரும். விமானத்துக்குள் இருப்பதும் ஏறக்குறைய அதே நிலைதான். ஒரே முங்கலானால் 12 மணி நேரம், பலமுறை முங்கியிருந்தால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் மலை ஏற வேண்டும்.