நோயாளியைப் பார்க்கப் போகும் ஆரஞ்சுப் பை

வேலூரில் ஆஸ்பத்திரி வாசல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு பழவண்டியும் நிற்கும். உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன நோய் என்று வண்டிக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் யோசிப்பதில்லை. வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு கிலோ ஆரஞ்சு பைக்குள் விழுந்துவிடும்.

உணவு ஆலோசகராக வேலை பார்க்கும் எனக்கு அந்தப் பையைக் கண்டாலே கொஞ்சம் பதற்றம். ஆற்காடு பக்கத்து விவசாயி ஒருவர், சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், ஒருநாள் ரத்தத்தில் பொட்டாசியம் 6.3 என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 6-க்கு மேல் போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துத்தான் சமைக்கிறார்கள். இளநீரை நிறுத்தியாயிற்று. அப்புறம் எங்கிருந்து ஏறியது?

"பாக்க வந்தவங்க எல்லாம் ஆரஞ்சுதாங்க வாங்கியாந்தாங்க. வீணாப் போவுதேன்னு தினம் ஜூஸ் புழிஞ்சு குடுத்தேன். பழம்தானே, அது இன்னா பண்ணும்?" என்றார் அவருடைய மனைவி.

100 கிராம் ஆரஞ்சில் சுமார் 180 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. 250 மில்லி டம்ளர் நிறைய ஜூஸ் என்றால் கிட்டத்தட்ட 500. ஆரோக்கியமான சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. தள்ள வழியில்லாதவருக்கு அது ரத்தத்திலேயே தங்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பவர்கள், அதோடு டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தினமும் ஆரஞ்சு சாப்பிடலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைப்பவை.

வேடிக்கை என்னவென்றால், அதே சிறுநீரகத்தில் கல் வந்தவருக்கு நான் ஆரஞ்சைச் சிபாரிசு செய்கிறேன். நம் ஊர் வெயில் தெரிந்ததுதான். வேர்த்துக் கொட்டும், தண்ணீர் குடிப்பது குறையும், சிறுநீர் கெட்டியாகும், கல் சேரும். ஆரஞ்சில் உள்ள சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஆக்சலேட் என்ற உப்போடு சேர்ந்து கல்லாவதைக் குறைக்கிறது. ஆனால் முதல் மருந்து தண்ணீர்தான். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். "கிட்னி பிரச்சினை" என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, கல் வேறு, செயலிழப்பு வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பத்தியத்தைக் கேட்டு வந்து பின்பற்றாதீர்கள்.

இனி, நான் மனதாரக் கொடுக்கச் சொல்லும் இடம். குடியாத்தத்திலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருவர் வந்தார், ஹீமோகுளோபின் 8.4, அதாவது ரத்தசோகை. முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் சாப்பிடுகிறார். சாப்பிட்ட கையோடு ஒரு டீயும் குடிக்கிறார். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு லேசில் உறிஞ்சாது. டீயிலுள்ள துவர்ப்புச் சத்து அதையும் தடுத்துவிடும். வைட்டமின் சி அதற்கு நேர்மாறு, அந்த இரும்பைக் கரைத்து உறிஞ்ச உதவும். அதனால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, சாப்பாட்டோடு ஒரு ஆரஞ்சு சாப்பிடச் சொன்னேன். இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னேன். 8.4-ஐப் பழம் மட்டும் தூக்கி நிறுத்தாது. அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "ஆரஞ்சு விக்கிற வெலைக்கு நாங்க எங்கம்மா போறது?" சரி, கொய்யா வாங்குங்கள் என்றேன். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி 65 மில்லிகிராம். 100 கிராம் ஆரஞ்சில் 50-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதே எடை கொய்யாவில் 200-க்கு மேல். நெல்லிக்காயும் ஆரஞ்சைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். விலையும் நிறமும் பார்த்து மயங்குகிறோம், அவ்வளவே.

சர்க்கரை நோயாளிகளிடம் நான் மல்லுக்கட்டுவது பழத்தைப் பற்றியல்ல, டம்ளரைப் பற்றி. நடுத்தர அளவு ஆரஞ்சு ஒன்றைச் சுளை சுளையாக, வெள்ளை நாரோடு மென்று சாப்பிடுங்கள், சர்க்கரை மெல்லத்தான் ஏறும். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் போகும். சக்கை வடிகட்டியில் நின்றுவிடும், கடைக்காரர் மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போடுவார். சர்க்கரை திடீரென இறங்கி, கை நடுங்கி வேர்க்கும்போது மட்டும் அரை டம்ளர் ஜூஸ் நல்ல கைவைத்தியம். அது அவசரத்துக்கு, தினசரிக்கு அல்ல.

குழந்தைக்குக் கொடுத்தால் சளி பிடிக்கும் என்பார்கள். நாக்பூர் ஆரஞ்சு வண்டி வண்டியாக வந்து இறங்குவது மழையும் பனியுமான மாதங்களில். சளி அப்போது எப்படியும் வரும், பழி பழத்தின் மேல். சளி வராமல் ஆரஞ்சு காப்பாற்றும் என்று சொல்வதும் அதே அளவு மிகைதான். தொடர்ந்து வைட்டமின் சி எடுப்பவர்களுக்குச் சளி சற்றுச் சீக்கிரம் குறைகிறது, அதற்கு மேல் ஆய்வுகளில் இல்லை.

அந்த ஆற்காட்டுக்காரருக்கு ஆரஞ்சை நிறுத்திய பிறகு, மறு பரிசோதனையில் பொட்டாசியம் 5.1. நாக்குக்கு வேண்டுமென்றால் சின்ன ஆப்பிளில் பாதி, இல்லையென்றால் அன்னாசியில் ஒரு துண்டு என்று எழுதிக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் இன்னும் ஆரஞ்சுதான் வாங்கி வருகிறார்களாம். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் கிளம்பியதும் பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து படுத்திருக்கும் பையனுக்குக் கொடுத்துவிடுகிறார் அந்த அம்மா.